கியர் லிவர் சிக்கிக்கொண்டால்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

மிதிவண்டியின் கியர் லிவர் நகராமல் நின்றுவிட்டால், பெரும்பாலோர் அதைக் கட்டைவிரலால் இன்னும் பலமாக அழுத்திப் பார்க்கிறார்கள். அப்படி அழுத்தி உள்ளேயிருந்த சிறு கொக்கியை உடைத்துவிட்டு, கடைசியில் லிவரையே மாற்ற நேர்ந்த சைக்கிள்கள் சில என் கைக்கு வந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால், கோளாறு தொடங்கிய இடம் லிவராக இருக்காது. பின்சக்கரத்தின் அருகே துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு சாண் நீள உறையாக இருக்கும். ஆகவே இந்த வழிமுறை லிவரைப் பிரிப்பதில் தொடங்கவில்லை. பழுது லிவரில் இருக்கிறதா, கேபிளில் இருக்கிறதா, சங்கிலியை நகர்த்தும் டெரெய்லரில் இருக்கிறதா என்று முதலில் பிரித்தறிந்துகொண்டால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இங்கே சொல்லப்படுவது கேபிளால் இயங்கும் கியர்களுக்கு மட்டுமே பொருந்தும். மின்கலத்தால் இயங்கும் கியர்களின் கதை வேறு. கேபிள் என்று குறிப்பிடுவது உள்ளே ஓடும் முறுக்குக் கம்பியை. உறை என்பது அதன்மேல் போர்த்தியிருக்கும் குழாயை. டெரெய்லர் என்பது பின்சக்கரத்தின் அருகே தொங்கி, சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் அமைப்பு. கருவிகளாக 4, 5 மி.மீ. அல்லன் கீ, நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர், கூர்மையான கேபிள் கட்டர், மெல்லிய எண்ணெய், கிரீஸைக் கரைக்கும் ஸ்ப்ரே, பழைய துணி ஆகியவை போதும்.

## எந்த அறிகுறியாயினும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

பின்சக்கரம் தரையிலிருந்து உயரும்படி சைக்கிளை எதிலாவது தொங்கவிடவும். தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், நாம் சோதிக்க வேண்டிய லிவரே ஹேண்டில்பாருக்கு அடியில் தரையோடு நசுங்கி நிற்கும். பிறகு ஒரு கையால் பெடலை முன்னோக்கிச் சுற்றியபடியே, மறுகையால் பின் டெரெய்லரைச் சக்கரத்தின் பக்கமாக மெதுவாகத் தள்ளவும். விரல் சங்கிலிக்கும் பல்லுக்கும் இடையே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கிலி பெரிய பல்சக்கரம் ஒன்றின்மேல் ஏறியதும் பெடலை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், சங்கிலியே டெரெய்லரை அங்கே பிடித்துவைத்திருக்கும், கேபிளும் தொய்ந்துவிடும். சைக்கிள் சட்டத்தில் உறை முட்டி நிற்கும் தாங்கிகளில் பக்கவாட்டுப் பிளவு இருந்தால், உறையை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

தாங்கியில் பிளவு இல்லாமலிருந்தாலும், கேபிள் சட்டத்துக்குள்ளேயே ஓடினாலும், லிவர் ஏற்கெனவே பெரிய பல்சக்கர நிலையில் சிக்கியிருந்தாலும் இந்த வழி பலிக்காது. அப்போது டெரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும் முன் கேபிள் எந்த இடத்தில் பிடிபட்டிருக்கிறது என்பதைப் பேனாவால் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது அரைமணி நேரம் மிச்சமாகும்.

இப்போது கேபிளை ஒரு கையால் இலேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு லிவரை இயக்கவும். இழுத்துப் பிடிக்காமல் இயக்கினால், கேபிளின் முனையில் இருக்கும் குமிழ் தன் குழியிலிருந்து நழுவிக் குறுக்கே மாட்டிக்கொண்டு, இல்லாத பழுதை நாமே உண்டாக்கிவிடும். லிவர் ஒவ்வொரு படியாகச் சத்தமிட்டு ஒழுங்காக நகர்ந்தால், அதைக் கழற்றும் எண்ணத்தை அத்துடன் விட்டுவிடலாம். பழுது கேபிளிலோ டெரெய்லரிலோ இருக்கிறது. கேபிளிலிருந்து விடுபட்ட பிறகும் லிவர் சிக்கினால், பழுது அதனுள்ளேயேதான். அடுத்ததாகப் பெடலைச் சுற்றியபடி டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு விடவும். அது வில்லைப் போல உடனே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலோ பாதியில் நின்றாலோ, அதன் மூட்டுகளில் மண்ணும் துருவும் சேர்ந்திருக்கின்றன.

## அறிகுறி: லிவர் கல்லைப் போல நிற்கிறது, எந்தப் பக்கமும் அசையவில்லை

வெட்கப்பட வைக்கும் காரணத்தையே முதலில் பார்க்க வேண்டும். சங்கிலி ஏற்கெனவே கடைசிப் பல்சக்கரத்தில் இருந்தால், அதற்கு அப்பால் லிவர் நகராது, நகரவும் கூடாது. லிவரின் மேலுள்ள எண்காட்டி பல சைக்கிள்களில் உண்மையான நிலையைக் காட்டுவதில்லையாதலால், எண்ணை நம்பாமல் சங்கிலி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கவும்.

அடுத்து, லிவருக்குப் பக்கத்தில் இருப்பவை அதன்மேல் முட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கைப்பிடி ரப்பர் உள்நோக்கி நகர்ந்திருக்கலாம். சைக்கிள் விழுந்ததில் பிரேக் லிவரின் பட்டை திரும்பியிருக்கலாம். புதிதாக மாட்டிய மணியோ விளக்கோ லிவர் நகரும் வழியில் நிற்கலாம். இவற்றைச் சற்று நகர்த்தினாலே சரியாகிவிடும்.

கடைசிப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகும்போது மட்டும் லிவர் கல்லாகிறது, மற்றவற்றில் ஒழுங்காக இருக்கிறது என்றால், டெரெய்லர் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை வரையறுக்கும் எல்லைத் திருகுகளில் ‘எல்’ (L) என்று குறித்த திருகு அதிகமாக உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அதைக் கால் சுற்று, கால் சுற்றாக வெளியே எடுத்துப் பார்க்கவும். தாராளமாகத் திறந்துவிட்டால் சங்கிலி பல்சக்கரத்தைத் தாண்டி ஆரைக்கம்பிகளுக்குள் விழும். அதன் பிறகு கியர் லிவர் ஒரு சிறிய கவலையாகிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால், லிவருக்குள்ளே கேபிள் நைந்து பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் என்பது பல நுண்ணிய இழைகளை முறுக்கிய கம்பி. லிவருக்குள் அது சிறிய வட்டத்தில் மீண்டும் மீண்டும் வளைவதால், குமிழை ஒட்டிய இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. அறுந்த இழை சுருண்டு உள்ளேயிருக்கும் பற்களில் மாட்டிக்கொள்கிறது. பிரேக்கும் கியரும் ஒரே லிவரில் அமைந்த பந்தயவகைச் சைக்கிள்களில் இது அடிக்கடி நேர்கிறது. என் சைக்கிளில் ஒருமுறை, இரண்டு வாரங்களாகக் கியர் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்ததைக் கவனித்தும் எண்ணெய் விட்டே சமாளித்தேன். ஒருநாள் லிவரின் ரப்பர் உறையை மடித்துப் பார்த்தபோது, தலைமுடியினும் மெல்லிய இழையொன்று கட்டைவிரலில் தைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், குமிழுக்குக் கீழே கேபிள் துடைப்பத்தின் நுனியைப் போல விரிந்திருந்தது. அறாமல் இருந்தவை நான்கைந்து இழைகள்தாம்.

இந்த நிலையில் கேபிளை அவசரப்பட்டு இழுத்து அறுத்துவிடக் கூடாது. குமிழ் மட்டும் உள்ளே தங்கிவிட்டால் அதை வெளியே எடுப்பது தனி வேலை. பெரும்பாலான லிவர்களில், பின் கியரானால் மிகச்சிறிய பல்சக்கர நிலைக்கும், முன் கியரானால் மிகச்சிறிய சக்கர நிலைக்கும் லிவரைக் கொண்டுவந்தால்தான் குமிழ் அதன் வெளியேறும் துளைக்கு நேராக வரும். அந்த நிலைக்கு வரும்வரை, கேபிளை விடுவிக்கும் லிவரைப் பொறுமையாகத் தட்டவும். சிக்கிய இழை தெரிந்தால் கூர்முனைப் பிளையரால் அதைப் பின்னோக்கி விலக்கிவிடவும். துளையை மூடியிருக்கும் சிறு திருகையோ ரப்பர் அடைப்பையோ நீக்கி, உறையின் பக்கத்திலிருந்து கேபிளை உள்நோக்கித் தள்ளினால் குமிழ் எட்டிப் பார்க்கும். எடுத்த பிறகு அறுந்த துண்டிழைகள் உள்ளே எஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்கவும். ஒன்று தங்கினாலும் புதிய கேபிளையும் அது சிக்கவைக்கும்.

குமிழ் அறுந்து உள்ளேயே தங்கிவிட்டது, லிவரும் சிறிய பல்சக்கர நிலைக்கு வர மறுக்கிறது, அதுவும் பிரேக்கும் சேர்ந்த லிவர் என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். அதை முழுதாகப் பிரித்தால் உள்ளேயிருக்கும் சுருள்வில் துள்ளி எங்கேயாவது போய் விழும். அது எந்த முனையில் மாட்டியிருந்தது என்பது பிரித்தவருக்குத் தெரிந்திருக்காது.

## அறிகுறி: லிவர் ஆடுகிறது, ஆனால் ‘கிளிக்’ என்று பிடிக்கவில்லை

சில மாதங்கள் ஓட்டாமல் வைத்திருந்த சைக்கிளில் இந்த அறிகுறி தோன்றினால், லிவர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே சிறு கொக்கி ஒன்று வில்லின் விசையால் பற்களில் விழுந்து மாட்டிக்கொள்வதாலேயே ஒவ்வொரு படியும் நிற்கிறது. தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் ஆண்டுக்கணக்கில் காய்ந்து பிசினாகிவிட்டால், கொக்கி பல்லைவிட்டு விலகிய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். லிவர் காற்றில் ஆடுவதுபோல் ஆடும். புதிய லிவர் வாங்க வேண்டும் என்று சொல்லப்பட்டவற்றில் பல, பத்து நிமிடக் கழுவலில் உயிர்பெறுகின்றன.

கழுவும் முறை எளிது. பிரேக் டிஸ்க், பிரேக் கட்டை, சக்கர விளிம்பு ஆகியவற்றைத் துணியால் மூடவும். இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் ஸ்ப்ரே அங்கே பட்டால் பிரேக் பிடிக்காது. லிவரின் அடிப்புற மூடியைத் திருகு நீக்கித் திறக்கலாம்; திறக்க முடியாதவற்றில் கேபிள் நுழையும் துளை வழியாகவும் லிவரின் இடுக்கு வழியாகவும் ஸ்ப்ரேயின் மெல்லிய குழலை நுழைத்து அடிக்கலாம். டபிள்யூடி-40 போன்றவை இதற்குப் போதும். அடித்துவிட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கேபிளை இழுக்கும் லிவர், விடுவிக்கும் லிவர் இரண்டையும் மாற்றி மாற்றி நாற்பது, ஐம்பது முறை அழுத்தவும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எப்போதாவது ஒரு கிளிக் கேட்கும். மீண்டும் அடித்து மீண்டும் அழுத்தினால், பழுப்பு நிறத்தில் கூழ் போன்ற பழைய கிரீஸ் வழிந்து வரும். அது தெளிவாக வரும்வரை தொடரவும். அழுத்தும்போதெல்லாம் கேபிளை இலேசாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

இத்துடன் நிறுத்திவிட்டால் சில வாரங்களில் பழைய நிலை திரும்பிவிடும். கரைப்பான் ஸ்ப்ரே கழுவத்தான் உதவும், மசகாக நீடித்து நிற்காது. உலர்ந்த பின்பு மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் விட வேண்டும். கெட்டியான கிரீஸை நிறைய அடைத்தால், காய்ந்த கிரீஸ் செய்த அதே வேலையை அதுவும் செய்யும். பெட்ரோல், அசிட்டோன் போன்றவற்றை லிவருக்குள் ஊற்ற வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கின்றன.

இரண்டு மூன்று முறை கழுவியும் கிளிக் வரவில்லையென்றால், வில்லோ கொக்கியோ உடைந்திருக்கும். பெரும்பாலான லிவர்களுக்கு உள்பாகங்கள் தனியே கிடைப்பதில்லை. லிவரை முழுமையாக மாற்றுவதே வழி. வாங்கும்போது பின்பல்சக்கரங்களின் எண்ணிக்கையும் டெரெய்லரின் வகையும் பொருந்த வேண்டும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிளை இழுக்க வேண்டும் என்பது ஷிமானோவுக்கும் ஸ்ராமுக்கும் ஒன்றல்ல, ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு வரிசைகளிலும் மாறுகிறது. பழைய லிவரைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

கிளிக் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் விரலில் எந்தக் கனமும் தெரியவில்லை, சங்கிலி சிறிய பல்சக்கரத்திலேயே கிடக்கிறது என்றால், லிவரைத் தொடவே வேண்டாம். கேபிள் அறுந்திருக்கிறது அல்லது டெரெய்லரின் போல்ட்டிலிருந்து நழுவியிருக்கிறது.

## அறிகுறி: ஒரு பக்கம் போகிறது, திரும்பி வரச் சுணங்குகிறது

என் அனுபவத்தில் மிகுதியாக வரும் அறிகுறி இதுதான். கேபிளை இழுப்பது நம் கட்டைவிரல்; திருப்பி இழுப்பது டெரெய்லரின் சிறு வில். உறைக்குள் துரு சேர்ந்தால் கட்டைவிரல் அதை வென்றுவிடும், வில்லால் வெல்ல முடியாது. ஆகவே பெரிய பல்சக்கரத்துக்கு ஏறிவிட்டுச் சிறியவற்றுக்கு இறங்கச் சுணங்கினால், குற்றவாளி அநேகமாக உறைதான். (கேபிளைத் தளர்த்தும்போது சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்குப் போகும் சில பழைய வகை டெரெய்லர்களும் உண்டு, அவற்றில் இது தலைகீழாகத் தெரியும்.)

உறையைத் தாங்கியிலிருந்து எடுத்துக் கேபிளின்மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கவும். நல்ல உறை தன் எடையிலேயே வழுக்கும். பின் டெரெய்லருக்குள் நுழையும் கடைசி வளையத்தைத் தனியாகச் சோதிக்கவும். தாழ்ந்த இடமாதலால் மழைநீரும் சேற்றுநீரும் அங்கேதான் தங்கும். உறையை விலக்கினால், அது மூடியிருந்த இடத்தில் கேபிள் பழுப்பேறியிருப்பது தெரியும். துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, உறையை நாலைந்து முறை ஓட்டிவிட்டு மாட்டினால் கியர் ஒழுங்காகிவிடும், சில நாட்களுக்கு மட்டும். துருவைப் பார்த்த பிறகு கேபிளையும் உறையையும் சேர்த்து மாற்றுவதே முறை; புதிய கேபிளைப் பழைய உறைக்குள் விடுவது அரை வேலை.

கடையில் கேட்கும்போது கியர் உறை என்று அழுத்திச் சொல்லி வாங்க வேண்டும். பிரேக் உறையில் எஃகுப் பட்டை சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அழுத்தத்தில் அது சிறிது குறுகுவதால் கியர் படிகள் தவறும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுகாது, ஆனால் பிரேக்கின் விசைக்கு வெடித்துவிடக்கூடும். ஆகவே மீந்த கியர் உறையை ஒருபோதும் பிரேக்குக்கு மாட்டக் கூடாது. கியர் கேபிளின் தடிமன் சுமார் 1.2 மி.மீ.; பிரேக் கேபிள் 1.5 மி.மீ. அல்லது சற்று கூடுதல்.

பழைய உறையை அளவாக வைத்து, கேபிள் கட்டரால் ஒரே வெட்டில் நறுக்கவும். சாதாரணப் பிளையரால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். எந்தக் கட்டரானாலும் உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் குழலின் வாய் சிறிது மூடிக்கொள்ளும்; குண்டூசியால் அதைத் திறந்துவிட்டு, முனை மூடியைப் பொருத்தவும். இந்தச் சிறு செயலை விட்டுவிடுவதால்தான் புதிய கேபிள் போட்டும் கியர் கனமாக இருக்கிறது என்ற புகார் எழுகிறது.

லிவரைச் சிறிய பல்சக்கர நிலையில் வைத்து, இழுவிசை திருகியை (உறை நுழையும் இடத்தில், கேபிளின் இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் கையால் திருப்பும் திருகு) முழுவதும் உள்ளே செலுத்தி ஒரு சுற்று வெளியே எடுத்துவிட்டு, கேபிளைக் கையால் இழுத்து போல்ட்டை இறுக்கவும். 3, 4 செ.மீ. மிச்சம் விட்டு நறுக்கி, முனையில் உலோகத் தொப்பியை நசுக்கி மாட்டினால் இழை பிரியாது. முதல் சில ஓட்டங்களில் கியர் சற்றுப் பிசகும். கேபிள் நீண்டுவிட்டது என்று சொல்வார்கள்; பெரும்பாலும் உறையின் முனைகள் தத்தம் தாங்கிகளில் அழுந்தி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவே. இழுவிசை திருகியை அரைச் சுற்று இடப்பக்கமாகத் திருப்பினால் போதும்.

கேபிள் சட்டத்துக்குள் ஓடும் சைக்கிளில், பழைய கேபிளை உருவும் முன் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழலொன்றைச் சட்டத்தின் மறுபுறம்வரை செலுத்திவிட்டு, பிறகு கேபிளை உருவவும். புதியது அந்தக் குழல் வழியே தானாகப் போய்விடும். மறந்து உருவிவிட்டால் ஒரு மாலைப்பொழுது போகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையை முதலிலேயே கடைக்குக் கொடுத்துவிடலாம்.

## அறிகுறி: லிவர் நன்றாக இருக்கிறது, சங்கிலி தாவுகிறது அல்லது பாதியில் நிற்கிறது

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இழுவிசை போதவில்லை. திருகியை இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பவும். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம் திருப்பவும். இரண்டு சுற்றுக்கு மேல் திருப்பியும் சரியாகவில்லையென்றால் திருப்புவதை நிறுத்திவிட்டு, பின்னால் நின்று டெரெய்லரைக் கண் மட்டத்தில் பார்க்கவும். அதன் இரு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு இணையாக, ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஆரைக்கம்பிகளின் பக்கம் சாய்ந்திருந்தால், சைக்கிள் வலப்புறம் விழுந்ததில் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. கண்ணளவால் அதை நிமிர்த்த முடியாது. அளவுகோல் பொருத்திய கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். அலுமினிய ஹேங்கர் தனியாகக் கிடைக்கும், மாற்றிவிடுவதே பாதுகாப்பு. சாய்ந்த ஹேங்கரோடு பெரிய பல்சக்கரத்துக்குப் போனால் டெரெய்லர் சக்கரத்துக்குள் சிக்கிக்கொள்ளக்கூடும். சரிசெய்யும்வரை அந்தக் கியரைத் தொடாதிருக்க வேண்டும்.

## அறிகுறி: இடக்கை லிவர் மட்டும் கனக்கிறது

லிவருக்குப் போகாமல் சைக்கிளின் அடிவயிற்றைப் பார்க்கவும். பல சைக்கிள்களில் கிராங்க் அச்சுக்கு அடியில் சிறு பிளாஸ்டிக் வழிகாட்டி ஒன்று இருக்கும். முன் கியரின் கேபிள் அதன் பள்ளத்தில் ஓடுகிறது. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் அங்கே போய்க் காய்கிறது. தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். அதன் பிறகும் கனமாக இருந்தால் முன் டெரெய்லரின் மூட்டுகளில் எண்ணெய் விட்டு, கையால் அசைத்துப் பார்க்கவும்.

## அறிகுறி: திருகும் கைப்பிடி வகைக் கியர் சுற்ற மறுக்கிறது

பக்கத்திலிருக்கும் நிலையான கைப்பிடி அதன்மேல் முட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். இரண்டுக்கும் இடையே ஒரு மி.மீ. அளவாவது இடைவெளி வேண்டும். பட்டையின் திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும் சிக்கும். மணல் புகுந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகோன் கிரீஸை இலேசாகத் தடவவும்.

## அறிகுறி: சக்கர மையத்துக்குள் கியர் உள்ள சைக்கிளில் லிவர் சிக்குகிறது

இவற்றில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் மாறாது. மிதிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு மாற்றிப் பார்க்கவும். அப்படியும் மாறாவிட்டால் கேபிளின் இழுவிசையைப் பார்க்க வேண்டும். ஷிமானோ நெக்ஸஸின் 7, 8 கியர் வகைகளில் லிவரை 4-ல் வைத்தால், மையத்தில் இருக்கும் இரு அடையாளக் கோடுகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திருகியால் நேராக்கலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் வகையில், அச்சிலிருந்து வெளியே வரும் சிறு சங்கிலியின் தண்டு முழுவதும் திருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். முழுவதும் உள்ளே திருகி, சங்கிலி கேபிளின் திசைக்கு வரும்படி அதிகபட்சம் அரைச் சுற்று பின்னோக்கி விடலாம். இதற்கு மேல் மையத்தைத் திறப்பது வீட்டு வேலை அல்ல.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது ‘கியர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். கேபிளைத் தளர்த்தியபோது லிவர் தனியாக நகர்ந்ததா, டெரெய்லர் வில்லைப் போலத் திரும்பியதா, சைக்கிள் அண்மையில் விழுந்ததா என்ற மூன்றையும் சொன்னால், நல்ல மெக்கானிக் அடுத்த கேள்வியின்றி எந்தப் பாகத்தில் கைவைக்க வேண்டும் என்று அறிந்துகொள்வார்.